சிணுங்கியின் பல்

ஏப்ரல் 9, 1986

தம்பிக்கு,

நீ என்னை ஏமாற்றிவிட்டாய். இரண்டு பக்கம் நலம் விசாரித்துவிட்டு மூன்றாம் பக்கத்தில் விஷயத்துக்கு வருகிற பழக்கம் எனக்கு இல்லை. நாலு வயது, ஒரு கன்று போட்டது, இப்போது இரண்டாவது சினை என்று சொல்லி நீ லாரியில் ஏற்றி அனுப்பிய பசுவுக்குப் பத்து வயதுக்குக் குறையாது.

நேற்று மதியம் வந்து சேர்ந்தது. இரண்டு நாள் மலைப்பாதையில் நின்றபடியே வந்த களைப்பு. இறக்கியதும் தண்ணீர் காட்டினேன். வாளிக்குள் வாயை வைத்து உறிஞ்சவில்லை. பூனை மாதிரி நாக்கால் நக்கி நக்கிக் குடித்தது. அப்போதே எனக்கு உறுத்தியது. கம்பத்தில் கட்டி வாயைத் திறந்து பார்த்தேன்.

மாட்டு வாயைத் திறப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் மூக்கைப் பிடிக்க வேண்டும், ஒருவர் உதட்டை விலக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து மூக்கு உன் வேலை, உதடு என் வேலை. நேற்று இரண்டையும் நானே செய்தேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

உள்ளே கண்டதை எழுதுகிறேன். நடுப்பல் நாலும் பாதிக்குமேல் தேய்ந்து கட்டையாக நிற்கின்றன. ஓரப்பல்கூடப் பழுப்பேறி, விளிம்பு உதிர்ந்து கிடக்கிறது. நாலு வயதுப் பசுவுக்கு எட்டாவது பல் அப்போதுதான் சேரும், பால் நிறத்தில் பளபளவென்று இருக்கும். இது ஒரு கிழவியின் வாய்.

பிறகு கொம்பைப் பார்த்தேன். ஒரே ஒரு வளையம். ஒரு பேறுக்கு ஒரு வளையம் விழும் என்பது எனக்கும் தெரியும். இந்தப் பல்லுக்கு ஏழு வளையமாவது இருக்க வேண்டும். மிச்ச வளையமெல்லாம் எங்கே போயின? அரத்தால் தேய்த்திருக்கிறாய். சந்தைத் தரகன் ஊர் பேர் தெரியாதவனுக்குச் செய்கிற வேலையைக் கூடப் பிறந்தவளுக்குச் செய்திருக்கிறாய்.

இது நீ எனக்குக் கொடுத்த தானம் இல்லை. அப்பாவின் மந்தையில் என் பங்கு. உன் அத்தான் போன பிறகு தொழுவம் காலியாகக் கிடக்கிறது என்று எழுதினேன். "உன் பங்கை அனுப்புறேன் அக்கா, இருக்கிறதுலயே நல்லதா" என்று ஆளிடம் சொல்லி அனுப்பியது நீதான்.

மாட்டுப் பல் எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சந்தையில் பெரியவர்களின் இடுப்புக்குக் கீழே நுழைந்து நுழைந்து நானே பார்த்துக் கற்றது. எழுத்தும் அப்படித்தான். நாற்பது வயதில், தீவன மூட்டையில் அச்சடித்திருந்ததை எழுத்துக் கூட்டிக் கற்றேன். எழுத்தில் நான் தப்புச் செய்வேன். பல்லில் செய்ய மாட்டேன்.

அக்கா


மே 2, 1986

அக்கா,

உன் கடிதத்தை நான் படித்தேன். பிறகு என் வீட்டுக்காரி இவள் வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு ஜன்னலைத் துடைக்கப் போய்விட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு அதுதான் வேலை. இரண்டு வருடமாகத் துடைக்கிறாள், அந்தக் கண்ணாடியும் தெளியவே மாட்டேன் என்கிறது. அந்த எரிச்சலும் சேர்ந்து உன் தலையில் விழுந்தது.

சிணுங்கி பிறந்தது எண்பத்திரண்டு ஆகஸ்ட். உர ஆலையின் சங்கு முதல்முறை ஊதியதற்கு அடுத்த வருடம். பின்னங்கால் முன்னால் வந்த பிரசவம். கையை உள்ளே விட்டு நான்தான் இழுத்தேன். என் மோதிர விரல் அன்றைக்கு மடங்கியது, இன்றுவரை நிமிரவில்லை. அந்த விரலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கறக்க உட்கார்ந்தாலே சிணுங்குவாள், அதனால்தான் அந்தப் பெயர். உன்னிடமும் சிணுங்கியிருப்பாளே.

பல் தேய்ந்திருக்கிறது என்கிறாய். எனக்குத் தெரியாது. என் மாடு ஒவ்வொன்றும் என் கையில் பிறந்தது. பிறந்த நாள் தெரிந்த மாட்டுக்கு எதற்குப் பல் பார்ப்பது? மூக்கைப் பிடித்ததோடு சரி, எந்த வாயின் உள்ளேயும் நான் பார்த்ததில்லை. அரம் என்று என் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது, குளம்பு சீவ.

பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பு. வேறு பசு அனுப்புகிறேன். ஆனால் தரகன் என்று எழுதியதை முதலில் வாபஸ் வாங்கு.

தம்பி


மே 20, 1986

தம்பிக்கு,

வாபஸ் வாங்க மாட்டேன். பசுவையும் அனுப்ப மாட்டேன். அந்த மலையை இன்னொரு தடவை தாங்குகிற வயது இல்லை அதற்கு.

சந்தையில் கேட்டார்கள், "உங்க தம்பி அனுப்பின மாடு எப்படிம்மா?" என்று. உள்ளதைச் சொன்னேன். சுற்று வட்டாரமே மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் வயது கேட்கிறது. தம்பி மாட்டுக்கு ஒரு பேச்சு, அடுத்தவன் மாட்டுக்கு ஒரு பேச்சு என்று என்னால் இருக்க முடியாது.

இனி எழுத ஒன்றுமில்லை.

அக்கா


ஜனவரி 11, 1990

அக்கா,

எழுத ஒன்றுமில்லை என்று முடித்திருந்தாய். எனக்கு இருந்தது. மூன்று வருடம் எட்டு மாதம் வீம்பு விடவில்லை. அத்தானின் நினைவு நாளுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு கடிதம் எழுதி மடித்து வைத்தேன். அவை அலமாரியில் இருக்கின்றன. இதையாவது தபாலில் போடுகிறேனா பார்ப்போம்.

ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். சிணுங்கி உயிரோடு இருக்கிறாளா? ஒரு வரி போதும்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்லாமல் விட்டால் நீ பதில் போட மாட்டாய், எனக்குத் தெரியும். இங்கே இருபத்து மூன்று இருந்த இடத்தில் பதினான்குதான் நிற்கின்றன. நிற்கின்றன என்று எழுதுவதுகூடப் பொய். காலையில் மேய்ச்சலுக்கு விட்டால் பாதி மாடுகள் முன்னங்காலை மடித்து, முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து மேய்கின்றன. ஏதோ கும்பிடுகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் வலதுகால் நொண்டும், மறுநாள் இடதுகால். குளம்பைப் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது. உப்புக்கட்டி தொங்கவிட்டிருக்கிறேன். நீ என்னென்ன கேட்பாயோ அத்தனையும் செய்துவிட்டேன். உன் குரலிலேயே என்னை நான் திட்டிக்கொண்டு செய்தேன்.

புதிதாக ஒரு மாட்டு டாக்டரம்மா வந்திருக்கிறார். சின்ன உருவம், பெரிய பூட்ஸ். இவள் என் காதில், "மாடு தும்மினா இந்தம்மா பறந்துடுவாங்க" என்றாள். அந்த அம்மா முதல் பசுவிடம் போனதும் காலைப் பார்க்கவில்லை, வாயைத் திறந்தார். நான் மூக்கைப் பிடித்தேன். கை தானாகப் போய்விட்டது.

"இந்த மாட்டுக்கு எத்தனை வயசு?"

"அஞ்சு."

"நிச்சயமா?"

"என் கையிலதாங்க பிறந்துச்சு."

அவர் ஒவ்வொரு பல்லாக விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன் அக்கா. நீ எழுதியிருந்தாயே, நடுப்பல் கட்டை, ஓரப்பல் பழுப்பு. அது அப்படியே அங்கே இருந்தது.

ஆலைப் புகையில் ஃபுளோரைடு என்று ஒன்று இருக்கிறதாம். புல்லில் படிந்து, மாட்டின் வயிற்றுக்குப் போய், பல்லும் எலும்பும் வளர்கிற வயதில் அவற்றைக் கெடுத்துவிடுமாம். "மனுஷங்க வந்து சொல்றதுக்கு முன்னாடி மாடு சொல்லிடும்ங்க, ஏன்னா மாடு இங்கே விளையுறதை மட்டும்தானே திங்குது" என்றார். ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதுவும் அதே வேலைதான், துடைத்தால் போகாது என்றார். இவள் துணியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆலைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கிழட்டு மாடுகள், தீவனம் போதவில்லை என்கிறார்கள். சிணுங்கி இருக்கிறாளா?

தம்பி


பிப்ரவரி 1, 1990

தம்பிக்கு,

இருக்கிறாள்.

ஒரு வரி போதும் என்றாய், அது அந்த வரி. மிச்சம் நான் எழுத விரும்பியதால் எழுதுகிறேன்.

இங்கே வந்த வருடம் ஜூலையில் ஒரு கிடாரிக் கன்று போட்டாள். அதற்குக் குண்டு என்று பெயர், பார்த்தால் ஏன் என்று தெரியும். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு. கிழவி என்று நான் எழுதிய பசு மூன்று கன்று போட்டது அதிகம்தான். இங்கே புல் நல்லது, அதனால் தேறினாள் என்று வைத்துக்கொண்டேன். கறக்கும்போது சிணுங்கத்தான் சிணுங்குகிறாள்.

"கிழவின்னு சொன்ன மாட்டை எதுக்கு இத்தனை வருஷமா வெச்சிருக்கா" என்று உன் பெண்டாட்டி கேட்பாள். பால் கொடுக்கிறது, வைத்திருக்கிறேன். அவளிடம் அப்படியே சொல்.

ஆலையைப் பற்றி எழுதியிருக்கிறாய். மாடு மெலிந்தால் ஆலை, கண்ணாடி மங்கினால் ஆலை. பூட்ஸ் போட்ட ஒரு பெண் வந்து சொன்னால் நம்பிவிடுவாயா? ஐம்பது வருடமாக மாட்டு வாயைப் பார்ப்பவள் நான். பல் தேய்வது வயதால். மெல்ல மெல்லத் தேய்கிறது, வேறு கதை இல்லை.

உன் கடிதத்தைக் கொடுத்த தபால்காரர், "உங்களுக்குக்கூட எழுதுறாங்களேம்மா" என்று சிரித்தார். "எழுதுறவனுக்கு வேற வேலை இல்லை" என்று சொல்லி அனுப்பினேன். அவர் தெரு திரும்பும் வரைக்கும் உறையைப் பிரிக்காமல் நின்றேன்.

ஒன்பது மாடு போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். அதில் அந்தச் சுழி நெற்றிக்காரியும் உண்டா? அவளுடைய பாட்டியை நான் கறந்திருக்கிறேன்.

விரல் எப்படி இருக்கிறது?

அக்கா


பிப்ரவரி 17, 1990

அக்கா,

சுழி நெற்றிக்காரியும் போய்விட்டாள். நவம்பரில்.

விரல் அப்படியே இருக்கிறது. குளிரில் வலிக்கும்.

போன கடிதத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். உன்னிடமிருந்து ஒரு வரியாவது வரட்டும், பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன். ஆலை மேல் நான் கொடுத்த புகாரை விசாரிக்கிற அதிகாரிக்கு ஆலைக்காரர்கள் ஒரு மனுக் கொடுத்திருக்கிறார்கள். அதன் நகல் என் கையில் இருக்கிறது. எழுதியிருப்பது இது: "மேற்படி மாட்டுக்காரர் வயதான மாடுகளை இளம் மாடுகள் என்று காட்டுவதில் பழக்கமுள்ளவர். கொம்பை அரத்தால் தேய்த்து விற்பவர். இதை அவருடைய சொந்தச் சகோதரியே, மாட்டு வயது கணிப்பதில் பேர்பெற்றவர், சந்தையில் பலர் அறியச் சொல்லியிருக்கிறார்."

எந்தத் தரகன் மலையைத் தாண்டி வந்து சொன்னானோ, தெரியாது. ஆலையில் காதுக்குக் குறைவில்லை.

என் பேச்சு அங்கே எடுபடவில்லை. அதிகாரி நேராகவே கேட்டுவிட்டார்: "உங்க அக்காவே நம்பலைன்னா நான் எப்படிய்யா நம்புறது?" மனுவின் நகலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாடு போனால் போகட்டும் என்று இருந்திருப்பேன். பேத்திக்குப் பால் பல் விழுந்து முன்பல் முளைத்திருக்கிறது. பிறந்ததிலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறாள், இந்தப் பாலைத்தான், இந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள். பல்லில் சுண்ணாம்பு தேய்த்த மாதிரி வெள்ளை வெள்ளையாக வரி. "தாத்தா, என் பல்லு சாக்பீஸ் மாதிரி இருக்குல்ல?" என்று குதித்துக்கொண்டு காட்டுகிறாள். நான் அழகாக இருக்கிறது என்றேன். இவள் உள்ளே போய்விட்டாள். கண்ணாடி துடைப்பதையும் இப்போது விட்டுவிட்டாள்.

டாக்டரம்மா சிணுங்கியைப் பற்றிக் கேட்டபோதுதான் உனக்கு எழுதத் துணிந்தேன். இங்கே பிறந்து, வளர்ந்து, பிறகு சுத்தமான புல் இருக்கிற இடத்துக்குப் போன பசு அது ஒன்றுதான். அவள் பல்லையும், அங்கேயே பிறந்து வளர்ந்த அவள் கன்றின் பல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும் என்கிறார்.

நம்பு என்று நான் உன்னைக் கேட்கவில்லை. ஒன்று மட்டும் செய்து பார். சிணுங்கிக்குக் குளிர்ந்த தண்ணீருக்குப் பதிலாக வெதுவெதுப்பான தண்ணீர் காட்டு. பல் கூசுகிற மாடு குளிர்ந்ததை நக்கும், வெந்நீரை உறிஞ்சும் என்று டாக்டரம்மா சொன்னார். நக்கிக் குடித்தாள் என்று நீ எழுதியிருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. உன் கடிதம் ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் இருக்கிறது, தரகன் என்ற சொல் உட்பட.

தம்பி


மார்ச் 12, 1990

தம்பிக்கு,

மூன்று வாரம் பதில் போடாததற்குக் காரணம் உடம்பு இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்க்க எனக்கு அத்தனை நாள் தேவைப்பட்டது. பார்த்ததைப் பார்த்த வரிசையில் எழுதுகிறேன்.

முதல் நாள் ஒன்றும் செய்யவில்லை. உன் மீது கோபமாக இருந்தேன்.

இரண்டாம் நாள் தண்ணீரைச் சூடாக்கிக் காட்டினேன். வாளிக்குள் மூக்கு வரை முக்கி, ஒரே மூச்சில் முழு வாளியையும் உறிஞ்சிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். இந்த நாலு வருடமும் நான் அவளுக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் வைத்தேன். ஒரு நாளும் அவள் வாய் நிறையக் குடித்ததில்லை.

பிறகு கொம்பு. அரம் போட்ட கொம்பில் எண்ணெய் தடவினால் கீறல் கோடு கோடாக எழுந்துவிடும். எந்தத் தரகனாலும் அதை மறைக்க முடியாது. இந்தச் சோதனையை நான் எழுபது தடவையாவது செய்திருப்பேன். எண்பத்தாறில் நான் அதைச் செய்யவில்லை. பல்லைப் பார்த்துவிட்டேனே, பிறகு கொம்புக்கு எதற்கு எண்ணெய் என்ற திமிர். இப்போது எண்ணெய் தடவி, வெயிலில் நிறுத்தி, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அடியில் இங்கே வந்த பிறகு விழுந்த மூன்று வளையம். அதற்கு மேலே, நீ அனுப்பியபோது இருந்த அந்த ஒரே வளையம். நாலு கன்று, நாலு வளையம். எட்டு வயது. உன் விரல் சொன்ன அதே எட்டு.

அதற்குப் பிறகு ஒரு வாரம் குண்டுவைத் தொடவில்லை. தொட்டால் முடிந்துவிடும் என்று தெரியும். கடைசியில் ஒரு காலை கம்பத்தில் கட்டித் திறந்தேன். ஆறு பல் நிறைந்து, ஏழாவதும் எட்டாவதும் ஈறைப் பிளந்துகொண்டு வருகின்றன. வெள்ளை. தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளை. அதே தாய், அதே ரத்தம், வேறு புல்.

நான் தப்பாகப் படித்துவிட்டேன்.

இதை எழுதிவிட்டு மாட்டுக்குத் தீனி போட எழுந்து போனேன். திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. இந்த எட்டு ஒன்பது வருடத்தில் உங்கள் பக்கத்திலிருந்து மலையேறி வந்த மாடுகளைச் சந்தையில் என்னிடம்தான் காட்டினார்கள். பதினோரு மாடு. எனக்கு ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. கொண்டு வந்தவன், "அஞ்சு வயசுதாம்மா, சத்தியமா" என்பான். நான் உதட்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "உன் பாட்டிக்கு அஞ்சு வயசா?" என்பேன். கூட்டம் சிரிக்கும். மாடு கசாப்புக்குப் போகும். பதினோரு பேரும் பொய்யர்கள் என்று நினைத்தேன். என் தம்பியோடு சேர்த்துப் பன்னிரண்டு. ஒரு பக்கத்து ஜனம் முழுவதும் பொய் சொல்கிறது என்று நினைக்க முடிந்ததே தவிர, பல் பொய் சொல்லும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பதினோரு வாயும் ஒரே விஷயத்தை என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கின்றன. அந்த டாக்டரம்மா ஒரு வாயில் கண்டதை நான் பன்னிரண்டு வாயில் காணவில்லை.

நீ ஒரு சொல்லை எதிர்பார்ப்பாய். அது எனக்கு எழுத வராது. நான் எழுத்துக் கற்ற தீவன மூட்டையில் அது இல்லை.

சிணுங்கியை ஏன் வைத்திருந்தேன் என்று கேட்டால் பால் கொடுக்கிறது என்று சொல்லச் சொன்னேன். நீ அனுப்பியபோது அவள் கழுத்தில் ஒரு தலைக்கயிறு இருந்தது. நீ போடுகிற இரட்டைச் சுற்று முடிச்சு. உன்னைத் தவிர யாருக்கும் அது அவிழ்க்க வராது. அவிழ்க்காமலே கழற்றி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தோள் படும்.

விசாரணை என்றைக்கு?

அக்கா


மார்ச் 25, 1990

அக்கா,

கடிதத்தை இவள் சத்தமாகப் படித்தாள். பதினோரு மாடு வந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். "பாவம் அண்ணி" என்றாள். நாலு வருடத்தில் முதல் தடவையாக உன்னை அண்ணி என்று சொன்னாள். அதுவரை "அந்தப் பல் டாக்டர்" தான்.

விசாரணை ஏப்ரல் இருபது, காலை பத்து மணி, மாவட்ட அலுவலகத்தின் பின்முற்றம். மாடுகளை அங்கே கொண்டு வந்து காட்டலாமாம். ஆலையின் மருத்துவரும் வருவார்.

நீ வராதே.

எண்ணெய் தடவிப் பார்த்ததைப் பற்றி ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு, போதும். நீ நேரில் வந்து நின்றால் அத்தனை பேர் முன்னால் உன்னைத்தான் கேட்பார்கள், "அப்போ நீங்க பல் பார்த்துச் சொன்னதெல்லாம் தப்பா?" என்று. அந்தக் கேள்வி மறுநாளே மலையைத் தாண்டி உன் சந்தைக்குப் போய்விடும். உனக்கு அங்கே இருப்பது அந்தப் பேர் ஒன்றுதான். பிறகு யார் உன்னிடம் மாட்டைக் கொண்டு வருவார்கள்?

உண்மையைச் சொன்னால், எனக்குக் களைத்துவிட்டது. ஆலைக்காரர்கள் ஒரு காகிதம் நீட்டுகிறார்கள். புகார் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இடத்தைக் காலி செய்தால் வேறு இடம் தருவார்களாம். இவள் போட்டுவிடலாம் என்கிறாள், பேத்திக்காக. நாங்கள் போய்விட்டால் இந்த வீட்டுக்கு வேறு யாராவது குடி வருவார்கள், அவர்களுக்கும் ஒரு பேத்தி இருக்கும் என்றேன். "ஊர்ப் பேத்திக்கெல்லாம் நீதான் தாத்தாவா?" என்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருபதாம் தேதி வரை பொறு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

இந்த விரலுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது கற்றுக்கொண்டுவிட்டது. மேலே "நீ வராதே" என்று எழுதியது அதுதான்.

தம்பி


ஏப்ரல் 3, 1990

தம்பிக்கு,

என் பேரைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். நேற்றுச் சந்தை. நடுவில், தரகர்கள் நிற்கிற இடத்தில் நின்று சொல்லிவிட்டேன். "மலைக்கு அந்தப் பக்கத்து மாட்டுக்கு நான் சொன்ன வயசு அத்தனையும் தப்பு. என் தம்பி சொன்னதுதான் சரி" என்றேன்.  பிறகு ஒரு கிழத் தரகர், "அப்போ இனிமே உங்ககிட்ட எதைக் காட்டுறது?" என்றார். "கொம்பையும் சேர்த்துக் காட்டு" என்றேன். இரண்டு பேர் மாட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஒருவர் நின்றார். ஒருவர் போதும்.

இனி செய்ய வேண்டியதை எழுதுகிறேன். பத்திரமாக வைத்துக்கொள், யாராவது மறந்தால் எடுத்துக் காட்டு.

காகிதத்தில் நீ கையெழுத்துப் போடக் கூடாது. உன் பெண்டாட்டி பேனாவை ஒளித்து வைக்கட்டும். அவள் கேட்ட கேள்விக்கு உன்னிடம் பதில் இல்லை என்றாய், என்னிடம் இருக்கிறது. ஊர்ப் பேத்திக்கெல்லாம் தாத்தா வேண்டாம், பல்லில் வெள்ளை வரி விழுந்த பிள்ளைகளை எண்ண ஓர் ஆள் போதும் என்று அவளிடம் சொல். கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து முடிக்கும் வரை அந்தக் குழந்தைக்கு அவள் அதைக் கொடுக்கக் கூடாது, நம் மாட்டுப் பாலையும் கொடுக்கக் கூடாது. குழந்தையிடம் பல் அழகாக இருக்கிறது என்று நீ இனிமேல் பொய் சொல்ல வேண்டாம். கேட்டால், அத்தைப் பாட்டி வந்து சொல்வாள் என்று சொல்.

செத்த ஒன்பது மாட்டையும் எங்கே புதைத்தாயோ அங்கே அடையாளக் கல் வை. தாடை எலும்பு வேண்டும் என்று டாக்டரம்மா கேட்பார், கேட்காவிட்டாலும் கொடு. ஒவ்வொன்றின் பிறந்த தேதியும் உனக்குத் தெரியும், எழுதிக் கட்டு.

டாக்டரம்மா ஆலையிலிருந்து காற்று போகும் பக்கத்திலும், ஆலைக்குக் காற்று வரும் பக்கத்திலும் புல் அறுத்துத் தனித்தனியாக எடுத்து வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளின் வாயையும் திறந்து பார்க்க மனித டாக்டர் ஒருவரை அவரே கூட்டி வர வேண்டும். மாட்டுக்கு வந்தவர் மனிதரிடம் வாயைத் திறக்கச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

அதிகாரி முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காரக் கூடாது. எழுந்து வந்து இரண்டு மாட்டின் வாயையும் தானே குனிந்து பார்க்க வேண்டும். அக்காவே நம்பவில்லை என்று உன்னிடம் சொன்னவர் அல்லவா, அக்கா எதிரில் நிற்பாள், அவளிடம் கேட்கட்டும். கேட்ட பிறகு, புகையைக் கழுவி வெளியே விடும் இயந்திரம் வைக்கும் வரை ஆலையை நிறுத்தச் சொல்லி அவர் எழுத வேண்டும். அதுவரை வேறு இடத்துப் புல்லும் தண்ணீரும் ஆலைக்காரர்கள் கொண்டு வந்து போட வேண்டும். அவர்கள் மருத்துவர் கிழட்டு மாடு என்று வாயெடுத்தால், கொம்புக்குத் தடவ எண்ணெய் நான் கொண்டு வருகிறேன், அவர் கையாலேயே தடவட்டும்.

நான் பதினெட்டாம் தேதி விடியலில் பால் லாரியில் கிளம்புகிறேன். சிணுங்கியும் குண்டுவும் கூட வருகின்றன. வெந்நீர் ஒரு டிரம்மில் வைத்திருக்கிறேன், வழியில் ஆறினால் டீக்கடையில் சூடாக்கிக் கொள்வேன். சிணுங்கிக்கு உன் தலைக்கயிற்றைத்தான் போட்டு அழைத்து வருகிறேன். அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டியது நீ.

அங்கே அத்தனை பேர் முன்னால் வாயைத் திறக்கும்போது தனியாகத் திறக்க மாட்டேன். தோள் போய்விட்டது, அதுவும் இரண்டு ஆள் வேலை. உதட்டை நான் விலக்குகிறேன். மூக்கைப் பிடிக்க வேண்டியது நீ.

அக்கா